கழுத்துத் துளையில் காற்றழுத்தம் அளப்பது: அப்பாவுக்கு இந்தச் சோதனை தேவையா?

ஓமலூர் வாசகர், 2024 பிப்ரவரி 11, இரவு 9.40

அப்பாவுக்கு 61 வயது. புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுதாக எடுத்து ஏழு மாதம் ஆகிறது. கதிர்வீச்சும் முடிந்தது. பேச்சு வால்வு வைத்து இரண்டு மாதம். துளையை விரலால் மூடிக்கொண்டு முக்குகிறார், முகம் சிவக்கிறது, 'ஆ' என்ற ஒரு சத்தம் கூட வரவில்லை. ஸ்பீச் தெரபிஸ்ட் இப்போது காற்றழுத்தம் அளந்து பார்க்கலாம் என்கிறார். அளந்தால் குரல் வந்துவிடுமா? சோதனை என்றாலே அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள் ஐயா.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுக்காரர், பிப்ரவரி 12, காலை 6.15

தம்பி, எனக்கு 2019இல் குரல்வளை எடுத்தார்கள். இன்று வால்வில்தான் பேசுகிறேன், பட்டறையில் விலை பேசுவது உட்பட. ஆரம்பத்தில் உங்கள் அப்பா நிலைதான் எனக்கும். மூன்று மாதம் சத்தமே இல்லை. சிகிச்சை பெற்ற இடத்தில் போகும்போதெல்லாம் ஒரே வார்த்தை: "இன்னும் பலமா ஊதுங்க." ஊதினேன். கண்ணில் நீர் வந்தது, குரல் வரவில்லை.

அளவைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்கு அளந்தார்கள். ஊசிக்கு முன் 34 சென்டிமீட்டர் நீர், அதாவது தண்ணீரை அவ்வளவு உயரம் தூக்கும் அழுத்தம். தொண்டைத் தசையைத் தளர்த்தும் ஊசி போட்ட பிறகு 33. ஆனால் ஊசிக்குப் பிறகுதான் குரல் வந்தது. ஒரு சென்டிமீட்டர் குறைந்ததில் குரல் வந்துவிடுமா? அதனால் அந்த எண் பெரிதாக ஒன்றும் சொல்லாது என்பது என் கருத்து. நேராக ஊசியைப் பற்றிக் கேளுங்கள். உங்கள் அப்பாவுக்கும் தொண்டை இறுக்கமாகத்தான் இருக்கும்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுக்காரர், பிப்ரவரி 12, இரவு 10.05

காலையில் அவசரமாக எழுதினேன். குரல் எப்படி வருகிறது என்பதை உங்கள் அப்பாவுக்குப் புரியும்படி சொல்லிப் பாருங்கள். எனக்கு யாரும் சொல்லாததால்தான் மூன்று மாதம் வீணாக முக்கினேன்.

குரல்வளை போன பிறகு மூச்சுக்குழாய் கழுத்துத் துளையில் முடிந்துவிடுகிறது. வாய்க்கும் நுரையீரலுக்கும் தொடர்பு அறுந்துவிட்டது. வால்வு என்பது மூச்சுக்குழாய்க்கும் அதன் பின்னால் இருக்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலான சுவரில் வைக்கும் சின்ன சிலிக்கோன் கதவு. ஒரு பக்கம் மட்டும் திறக்கும். காற்றை உணவுக்குழாய்க்குள் விடும், சோற்றையும் தண்ணீரையும் இந்தப் பக்கம் விடாது. துளையை மூடி மூச்சு விட்டால் காற்று அந்தக் கதவு வழியாக மேலே ஏறி, உணவுக்குழாயின் மேல்முனைத் தசையை அதிர வைக்கிறது. அந்த அதிர்வுதான் நம் புதுக் குரல். வால்வு தானாகச் சத்தம் போடுவதில்லை. இது தெரியாமல் வால்வு கெட்டுவிட்டது என்று நான் இரண்டு முறை சண்டை போட்டிருக்கிறேன்.

அப்புறம் விரல். கட்டை விரலை வைத்து அழுத்தி மூடினால் உள்ளே இருக்கும் தசையும் சேர்ந்து நசுங்கும். அம்மியில் சாந்து வழிப்பது போல மெதுவாக வைத்தால் போதும். காற்று ஓரத்தில் கசியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுக்காரர், பிப்ரவரி 14, மதியம் 1.20

ஆத்தூரிலிருந்து ஓர் இயற்பியல் ஆசிரியர் கீழே கேட்டிருக்கிறார்: "34 என்று எழுதியது எதில் அளந்தது? யு வடிவக் குழாய் என்றால் ஒரு பக்க ஏற்றமா, இரண்டு பக்க வித்தியாசமா?" நல்ல கேள்வி. வயிற்றைக் கலக்குகிறது. பழைய நோட்டைத் தேடிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுக்காரர், பிப்ரவரி 15, இரவு 11.30

நோட்டு கிடைத்தது. பிப்ரவரி 12 காலையில் எழுதியது தவறு. ஓமலூர் தம்பி, அதை நம்பி எதுவும் முடிவு செய்திருந்தால் நிறுத்திவிடுங்கள்.

நடந்தது இது. 2020 ஜனவரியில் தெரபிஸ்ட் அம்மாவிடம் அழுத்த மானி இல்லை. நான்தான் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூபைக் கொண்டுபோனேன். அதை யு வடிவில் பலகையில் கட்டி, பாதி வரை தண்ணீர் ஊற்றி, பார்வைக்குத் தெரிய சொட்டு நீலம் கலந்தோம். ஒரு முனையைத் துளை மேல் ஒட்டும் அடாப்டரின் பக்கவாட்டு முனையில் மாட்டினோம். மறுமுனை திறந்திருந்தது. நான் 'ஆ' சொல்ல முயலும்போது திறந்த பக்கம் தண்ணீர் ஏறியது. பலகையில் அந்தப் பக்கம் மட்டும்தான் ஸ்கேல் அடித்திருந்தேன். நின்ற மட்டத்திலிருந்து 34 ஏறியது. எழுதிக்கொண்டேன்.

இந்தப் பக்கம் 34 ஏறினால் அந்தப் பக்கம் 34 இறங்கியிருக்கும். அழுத்தம் என்பது இரண்டு மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது 68. நான் பாதியைத்தான் எழுதியிருக்கிறேன்.

ஊசிக்குப் பிறகு அளந்தது டியூபில் இல்லை. அதற்குள் அந்த அம்மா டயல் மானி வாங்கிவிட்டார். ரத்த அழுத்தம் பார்க்கிறார்களே, அதே மாதிரி பாதரச மில்லிமீட்டர் காட்டும் டயல். அதில் 24. ஒரு மில்லிமீட்டர் பாதரசம் 1.36 சென்டிமீட்டர் நீருக்குச் சமம். பெருக்கினால் ஏறக்குறைய 33. இது முழு அளவு.

ஆக, 34இலிருந்து 33 இல்லை. 68இலிருந்து 33. பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது! நான்கு வருடமாக "எண் ஒன்றும் சொல்லாது" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன். எண் எல்லாவற்றையும் அன்றைக்கே சொல்லியிருக்கிறது.

குரல்வளை உள்ளவர்கள் சாதாரணமாகப் பேச 5 முதல் 10 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் போதும். வால்வில் பேசுகிறவர்களுக்கு அதைவிடப் பல மடங்கு தேவைப்படுவது வழக்கம்தான். ஆனால் 68 அழுத்தியும் சத்தம் வரவில்லை என்றால், நான் ஊதாததால் வராமல் போகவில்லை. மேலே தொண்டைத் தசை இறுகி வழியைச் சாத்தியிருந்தது. பலமாக ஊத ஊத அந்தத் தசை இன்னும் இறுகிக்கொள்ளும். "இன்னும் பலமா" என்ற அந்த வார்த்தை எனக்கு எதிராகவே வேலை செய்தது. இதை எழுதும்போது கை நடுங்குகிறது, கோபத்தில்.

ஆத்தூர் ஆசிரியருக்கு நன்றி. அடுத்த முறை சேலம் வந்தால் பட்டறைக்கு வாருங்கள், தட்டுவடை செட் வாங்கித் தருகிறேன்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுக்காரர், பிப்ரவரி 15, இரவு 11.50

ஒன்றை விட்டுவிட்டேன். யாரும் இந்த டியூபை வீட்டில் செய்து மாட்டாதீர்கள். மூச்சை உள்ளே இழுத்தால் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். அதைத் தடுத்து நிறுத்தக் குரல்வளை கிடையாது நமக்கு. அன்று நாங்கள் நடுவில் ஒரு காலி பாட்டில் வைத்திருந்தோம், இழுத்தாலும் தண்ணீர் அதில் நின்றுவிடும். பக்கத்தில் அந்த அம்மா இருந்தார். தண்ணீர் இல்லாத டயல் மானி இருக்கும்போது இந்த வேலையே வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுக்காரர், பிப்ரவரி 19, காலை 7.00

"20க்கு மேல் போனால் குரல் வராது என்று படித்தேன், உங்களுக்கு 24இல் எப்படி வருகிறது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தெரபிஸ்ட் அம்மாவிடம் போனில் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

அந்த 20 வேறு இடத்து எண். மூக்கு வழியாகக் கேதீட்டர் என்ற மெல்லிய குழாயை 25 சென்டிமீட்டர் வரை உள்ளே விட்டு, உணவுக்குழாயின் மேல்பகுதிக்கு நேராகக் காற்றை அனுப்புவார்கள். அந்தக் காற்றில் 'ஆ' என்று 8 விநாடி தொடர்ந்து சொல்ல வேண்டும், நிறுத்தாமல் ஒன்றிலிருந்து 15 வரை எண்ண வேண்டும். முடிந்தால் தொண்டை சரியாக இருக்கிறது. அப்போது உணவுக்குழாய்க்குள் உச்ச அழுத்தம் 20 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல் போனால், சரளமாகப் பேசுவது கடினம் என்பது 1980களிலேயே கண்டது. என் 24 துளைப் பக்கத்தில் எடுத்தது. அதில் வால்வைத் தள்ளித் திறக்கும் பங்கும் அடங்கியிருக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கக் கூடாது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. மாடித் தொட்டியிலிருந்து குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் பிளம்பர் என்ன செய்வார்? நடுவில் ஓரிடத்தில் கழற்றிப் பார்ப்பார். அங்கே வேகமாக வந்தால் அடைப்பு கீழே, வராவிட்டால் மேலே. இங்கேயும் அதேதான். துளைப் பக்கத்து எண், உணவுக்குழாய்ப் பக்கத்து எண், இரண்டும் அதிகமென்றால் தொண்டை இறுக்கம். துளைப் பக்கம் மட்டும் அதிகம், கேதீட்டர் சோதனையில் குறைவு என்றால் இடையில் இருக்கும் வால்வைச் சந்தேகப்பட வேண்டும். நல்ல நிலையில் உள்ள வால்வு தன் பங்குக்குக் கொஞ்சம் அழுத்தத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். துளைப் பக்கமே எண் ஏறவில்லை என்றால் விரல் ஓரத்தில் காற்று ஓடுகிறது. காற்று போகிற வேகம் இரண்டு சோதனையிலும் ஒன்றாக இருக்காது, அதனால் துல்லியமாகக் கழித்துப் பார்க்க முடியாது. ஆனால் எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும்.

தசை தளர்ந்து போனவர்களும் இருக்கிறார்கள். எண் குறைவாக இருக்கும், குரல் வரும், ஆனால் காற்றாக, கிசுகிசுப்பாக வரும். கழுத்தில் வெளியிலிருந்து விரலால் லேசாக அழுத்தினால் அவர்களுக்குக் குரல் திடமாகும். அவர்களுக்கு ஊசி போட்டால் இன்னும் கெடும். முதல் நாள் "நேராக ஊசியைக் கேளுங்கள்" என்று எழுதிய என்னை இந்த ஒரு விஷயத்துக்காகவே கண்டிக்கலாம்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுக்காரர், பிப்ரவரி 23, இரவு 8.45

அழுத்தம் வேறு, காற்றின் அளவு வேறு என்பதைச் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். என் தொழிலிலிருந்து சொல்கிறேன்.

நான் பட்டறையில் சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்போது கேஸ் டார்ச் கிடையாது. விளக்குச் சுடரை ஊதுகுழலால் வளைத்துத்தான் கொலுசுக் கண்ணியைப் பற்ற வைப்போம். வெங்காரம் தடவி, உருகி ஒட்டும் உலோகப் பொடி வைத்து ஊத வேண்டும். 'பொடி வைத்துப் பேசுவது' என்கிறோமே, அது எங்கள் பட்டறையிலிருந்து போனது என்று என் குரு சொல்வார். சுடர் ஒரு கணம் துவண்டாலும் பொடி ஓடாது. அதனால் கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்வோம். நாதஸ்வரக்காரர்களும் இப்படித்தான்.

அறுவைக்குப் பிறகு ஒருநாள் பழைய ஊதுகுழலை எடுத்து ஊதிப் பார்த்தேன். கன்னத்தில் இருந்த காற்று ஃபூ என்று வந்தது, தீர்ந்தது. அதே குழலை மட்டம் பார்க்கும் டியூபில் மாட்டி ஊதினால் தண்ணீர் ஒரு முழத்துக்கு மேல் தூக்கியது! கன்னத் தசைக்கு அவ்வளவு பலம். அழுத்தம் உண்டு, ஆனால் பின்னால் காற்று இல்லை. பொடி உருக அது போதாது, ஒரு வார்த்தை பேசவும் போதாது.

துளையை மூடிக்கொண்டு வால்வு வழியாக ஊதியபோது சுடர் சாய்ந்தது, சாய்ந்தபடியே நின்றது. நுரையீரல் காற்று வாய்க்கு வந்துவிட்டது. ஒரே மூச்சுதான், ஆனால் முழு மூச்சு. ஒரு சின்னக் கண்ணியைப் பற்ற வைத்தேன். என் பேத்தி காலில் இருக்கும் கொலுசில் அந்தக் கண்ணி எது என்று எனக்கு மட்டும் தெரியும்.

எனவே அழுத்தத்தோடு, விநாடிக்கு எவ்வளவு காற்று போகிறது என்பதையும் அளக்க வசதி இருந்தால் கேளுங்கள். அழுத்தத்தைக் காற்றோட்டத்தால் வகுத்தால் வருவதுதான் தடை.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுக்காரர், மார்ச் 2, மாலை 5.10

ஓமலூர் தம்பி தனியாக எழுதியிருந்தார். அப்பா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லையாம். "குரல்வளையே போச்சு, இனி என்ன பேச்சு" என்கிறாராம். அவருக்குப் படித்துக் காட்ட இதை எழுதுகிறேன்.

ஐயா, நமக்கு முன்னால் நிறையப் பேர் இந்த வழியில் நடந்திருக்கிறார்கள். புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுதாக எடுத்த முதல் அறுவையை வியன்னாவில் பில்ரோத் செய்தது 1873 டிசம்பர் 31. அவருடைய உதவியாளர் குசன்பாவர் அந்த நோயாளிக்கு உலோக நாக்கு அதிரும் செயற்கைக் குரல்வளை ஒன்றைச் செய்து கொடுத்தார். அந்த மனிதர் பேசினார், ஒரே சுதியில். 150 வருடத்துக்கு முன்பே! அமெரிக்காவில் புளோம் என்ற பேச்சு நிபுணரும் சிங்கர் என்ற அறுவை மருத்துவரும் 1980இல் வெளியிட்ட வால்வு முறைதான் இன்று நீங்களும் நானும் வைத்திருப்பதற்கு மூலம். காற்றை அனுப்பிச் சோதிக்கும் கேதீட்டர் முறையும் அவர்கள் காலத்தில்தான் நன்றாகப் பழக்கத்துக்கு வந்தது.

செலவைப் பற்றியும் அவர் கவலைப்படுகிறார் என்று நினைக்கிறேன். வெளிநாட்டு வால்வு பல ஆயிரம் ரூபாய். சிலிக்கோனில் பூஞ்சை படியும், கசிய ஆரம்பித்தால் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டி வரும். பக்கத்தில் பெங்களூரில் மருத்துவர் விஷால் ராவ் 'ஓம்' என்ற பெயரில் 50 ரூபாய் வால்வு ஒன்றை உருவாக்கினார். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். பணம் இல்லாததால் பேச்சு இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

எனக்குக் குரல் வந்த முதல் நாள் என் மனைவி சொன்னது: "சரி, இனிமே சண்டை போடலாம்." நான்கு மாதம் நோட்டில் எழுதிச் சண்டை போட்டுக் களைத்திருந்தோம்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுக்காரர், மார்ச் 24, இரவு 9.15, ஏற்காட்டிலிருந்து

மச்சான் வீட்டுக்கு வந்திருக்கிறேன். வரும்போது டயல் மானியையும் எடுத்து வந்தேன், வெகுநாளாக ஒரு சந்தேகம். மலையில் காற்று மெலிந்துவிடும், அதனால் பேச அதிகம் அழுத்த வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும்போதே குரல் கட்டியதுபோல் இருந்தது.

சேலத்தில் 24. ஏற்காட்டில், திண்ணையில் உட்கார்ந்து, மூன்று முறை 'ஆ' சொல்லி அளந்தேன்: 24, 25, 24.

யோசித்துப் பார்த்தால் சரிதான். ஊர் சுமார் 1500 மீட்டர் உயரம், வெளிக்காற்றின் அழுத்தம் சேலத்தைவிடக் கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு குறைவு. மச்சான் வீட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, அரிசி வேக நேரம் எடுக்கிறது என்று அக்கா சொல்வதும் அதனால்தான். ஆனால் டயல் காட்டுவது வெளிக்காற்றுக்கும் உள்ளே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். தொண்டைத் தசையை அதிர வைக்கத் தேவையானதும் அந்த வித்தியாசம்தான். மலை ஏறினாலும் அது மாறாது.

குரல் கட்டியதற்குக் காரணம் குளிர். நமக்கு மூச்சு மூக்கு வழியாக வருவதில்லை. காற்றைச் சூடாக்கி ஈரமாக்க ஆள் இல்லை. குளிர்ந்த காய்ந்த காற்று நேராகப் போய்ச் சளியைக் கெட்டியாக்கும். துளை மேல் வைக்கும் வடிகட்டி வில்லையைப் பாதி வழியில் கழற்றிவிட்டேன், இறுக்கமாக இருக்கிறதென்று. மாட்டிய அரைமணியில் சரியானது. மலைக்கு வருகிறவர்கள் அதைக் கழற்ற வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுக்காரர், மார்ச் 25, காலை 6.40

ராத்திரி மழையில் நனைந்திருந்த காபித் தோட்டம் பூத்திருக்கிறது. சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் ஒரே வெள்ளை. மல்லிகை மாதிரி மணக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மூக்கு வழியாக மூச்சு போகாததால் ஐந்து வருடமாக எனக்கு எந்த மணமும் கிடையாது.

தெரபிஸ்ட் அம்மா சொல்லிக் கொடுத்த பயிற்சி ஒன்று உண்டு. வாயை மூடிக்கொண்டு கொட்டாவியை அடக்குவதுபோல் தாடையையும் நாக்கையும் கீழே இறக்க வேண்டும். வாய்க்குள் இடம் பெரிதாகும், அழுத்தம் குறையும், மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று உள்ளே வரும். பத்துப் பதினைந்து முறை செய்தேன். வந்தது. மெல்லியதாக, ஆனால் அதேதான். அக்காவைக் கூப்பிட்டு "வாசம் வருது" என்று சொன்னேன்.

ஓமலூர் வாசகர், ஏப்ரல் 6, இரவு 10.20

ஐயா, மார்ச் 2 அன்று நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு மூன்று முறை படித்துக் காட்டினேன். போன வாரம் ஒப்புக்கொண்டார். துளைப் பக்கம் 44 மில்லிமீட்டர். சத்தம் இல்லை. பிறகு மூக்கில் கேதீட்டர் விட்டுக் காற்று அனுப்பினார்கள். உச்சம் 14. அந்தக் காற்றில் அப்பா 15 வரை எண்ணிவிட்டார். நான் அறைக்கு வெளியே நின்று கேட்டேன்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுக்காரர், ஏப்ரல் 6, இரவு 10.45

44 துளைப் பக்கம், 14 உணவுக்குழாய்ப் பக்கம்! தம்பி, தொண்டை இறுக்கம் இல்லை. நடுவில் இருக்கிறது அடைப்பு. ஊசிக்கு யாரும் நாள் குறித்துவிட வேண்டாம். வால்வைக் கழற்றிவிட்டுப் பேச வைத்துப் பார்த்தார்களா? அவர்கள்தான் செய்ய வேண்டும், நீங்கள் தொடாதீர்கள்.

ஓமலூர் வாசகர், ஏப்ரல் 9, மாலை 6.30

பார்த்தார்கள் ஐயா. கழற்றியதும் குரல் வந்தது. 6 மில்லிமீட்டர் வால்வு வைத்திருந்தார்கள், அது நீளம் போதாமல் உள்முனை சதைக்குள் புதைந்து மூடியிருந்ததாம். 8 மாற்றியிருக்கிறார்கள். அப்பாவின் குரலைப் பதிந்து இதோடு இணைத்திருக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுக்காரர், ஏப்ரல் 9, இரவு 7.15

கேட்டேன். நான் முதல் நாள் சொன்ன ஊசியைப் போட்டிருந்தால் நன்றாக இருந்த தசையைத் தளர்த்திவிட்டு, அடைத்த வால்வை அப்படியே விட்டிருப்பார்கள். மன்னித்துக்கொள்ளுங்கள் தம்பி. அப்பாவிடமும் சொல்லுங்கள்.

பதினொன்று சொல்லும்போது அவருக்கு மூச்சு வாங்குகிறது, விரல் நகர்ந்து காற்று கசிவதும் கேட்கிறது. அவசரப்படாமல் ஐந்தைந்தாக எண்ணச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைக்கு வாருங்கள். விரலை எப்படி வைப்பது என்று நேரில் காட்டுகிறேன், அதை எழுதிப் புரியவைக்க முடியாது.